பண்ணையார் வாசலில் ஒரு சிவப்புத் தகரம்

எனக்கு மூன்றாம் வகுப்பைத் தாண்டிப் படிப்பு கிடையாது. ஆனால் பாகூர்ப் பக்கத்தில் ஷாங்காய் டிராமில் வேலை பார்த்தவன் யாரென்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். வேறு ஆள் இல்லை. பிழைக்க சைகோனுக்குக் கப்பலேறினேன். அங்கிருந்து ஒரு பிரெஞ்சுத் துரையின் சாமான்களோடு சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷாங்காயில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த பகுதியில் டிராம் கொட்டகைக்குக் காவல்காரன் ஆனேன். காவலோடு நின்றேனா? சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன், பிரேக்கைக் கழற்றி மாட்டினேன். எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

அந்த ஊர்க் கூட்டத்தைச் சொன்னால் இங்கே நம்பமாட்டார்கள். தலைக்கு மேல் கம்பியில் மின்சாரம் ஓடும். ஓட்டுகிறவன் காலால் மிதித்தால் மணி அடிக்கும், ரிக்‌ஷாக்காரர்கள் விலகி ஓடுவார்கள். டிராமில் முதல் வகுப்பு உண்டு, மூன்றாம் வகுப்பு உண்டு. இரண்டாவது எங்கே போனதென்று கடைசிவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவதில் மூட்டையும் கோழியுமாக நெருக்கியடித்து ஏறுவார்கள். எவ்வளவு கூட்டமானாலும் ஏறுகிற இடம் டிராம் நிற்கிற கம்பத்தடிதான், கிளம்புகிற நேரம் நேரம்தான். ஒரு நாள் தங்கப் பொத்தான் வைத்த பிரெஞ்சு ஆபீசர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். சீன டிரைவர் அவரைப் பார்த்தான், மணியை மிதித்தான், போய்விட்டான். ஊர் திரும்பினால் இப்படி ஒரு வண்டி விடுவதென்று அப்போதே முடிவு செய்தேன்.

திரும்பினேன், விட்டேன். பழைய லாரி ஒன்றை வாங்கிப் பலகை அடித்து பஸ்ஸாக்கி, சோரியாங்குப்பத்திலிருந்து பாகூர் வழியாகப் புதுச்சேரிக்கு நானே ஓட்டினேன். காலை வண்டிக்குக் கீரைக்கூடைப் பெண்கள்தான் உயிர். பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் சூடாக இருக்கும்போதே அவர்களை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி மாட்டு வண்டிக்குப் போய்விடுவார்கள், என் பஸ் கொட்டகையில் தூங்கும்.

பாகூரில்தான் தடங்கல். நெல்லும் கரும்புமாகப் பாதி ஊர் பண்ணையாருடையது. அவர் டவுனுக்குப் போகிற நாளில் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். அவர் பலகாரம் முடித்து, வெற்றிலை போட்டு, மேல்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வருவார். ஒரு நாள் பின்னாலிருந்த கீரைக்காரம்மா என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "அவரு கை கழுவறதுக்குள்ள என் கீர வாடிப்பூடும். நாளைக்கு நான் மாட்டு வண்டிய பாத்துக்கறேன்பா."

அன்று மாலையே ஊருக்கு ஊர் கம்பம் நட்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயம் பூசிய தகரம். பாகூர்க் கம்பம் குளக்கரையில். இனி கம்பத்தடியில் நின்றால்தான் ஏறலாம், யாருக்காகவும் வண்டி நிற்காது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பண்ணையார் வழக்கம்போல ஆள் அனுப்பினார். அந்த ஆள் ரோட்டின் நடுவில் நின்று கையை நீட்டினான். ஹாரனை அமுக்கினேன், விலகினான். பண்ணையார் விடவில்லை. தன் ஆட்கள் யாரும் இந்த வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். பாதிப் பலகை காலியாகத்தான் ஓட்டினேன். ஆனால் நேரத்துக்கு ஓட்டினேன்.

பிறகு அவருக்கே புதுச்சேரிக் கோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது, நேரத்துக்குப் போயாக வேண்டும். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாடா, எனக்கே வண்டி நிக்காதாமே?"

"ஷாங்காயில பிரெஞ்சு ஆபீசருக்கே நிக்கல அய்யா."

முறைத்தார். நான் தலையைக் குனியவில்லை. அந்தக் கம்பத்தையாவது தன் வாசலில் கொண்டுவந்து நடச் சொன்னார். ஊரில் வேறு எவன் வீட்டு வாசலிலும் அது இருக்கக்கூடாதாம். யோசித்தேன். எனக்கு வேண்டியது நேரம். கம்பம் எங்கே நின்றால் என்ன? ஒருமுறை நட்டால் மறுபடி பிடுங்கமாட்டேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார், தன் ஆட்களும் இனி ஏறலாம் என்றார். அவருடைய ஆட்களே குழி தோண்டினார்கள்.

கம்பம் என்றால் கூட்டம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. மறுநாள் விடியும்போது கீரைக்கூடை, மீன்கூடை, பால் செம்பு, அழுகிற பிள்ளைகள், அவர் வயலில் நடவு நடுகிறவர்கள் என்று பாதி ஊர் அவர் வாசலில் நின்றது. அவர் வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டது. மீன் தண்ணீர் அவர் கோலத்தில் ஓடியது. பண்ணையார் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து பார்த்தார். நான் வண்டியை நிறுத்தியதும் ஜன்னலுக்கு வந்தார்.

"இத்த எடுத்துனு போயி கொளத்தாண்டயே நடுடா."

"பேச்சு பேச்சுதான் அய்யா. ஏர்றீங்களா? வண்டி கெளம்புது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் ஏறவில்லை. நான் கியரைப் போட்டேன்.

அடுத்த முறை அவர் டவுனுக்குப் போனபோது கொல்லைக் கதவு வழியாகக் கிளம்பி, வரப்பில் நடந்து, அடுத்த ஊர்க் கம்பத்துக்குப் போனார். அவ்வளவு தூரம் அவர் நடந்ததை ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது செருப்பில் சேற்றோடு, குடையை ஊன்றிக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.