லுட்வினா தூக்கிப்போன வீடு

ஹால்டன் மலைச்சரிவில் அப்போது இரண்டே குடியிருப்புகள். மேலே ஸ்டாஃபல், கீழே பொடன். ஸ்டாஃபல்காரனுக்கு மூளை பனியில் உறைந்துவிட்டது என்பார்கள் பொடன்காரர்கள். பொடன்காரனுக்கு உடம்பெல்லாம் கொழுப்பு என்பார்கள் ஸ்டாஃபல்காரர்கள். லுட்வினா மேலே பிறந்து கீழே வாழ்க்கைப்பட்டவள். அதனால் இரண்டு ஏச்சும் அவளுக்கே கிடைத்தன.

புருஷன் செத்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு மரவீடு. பொடனில் முதன்முதலாக எழுந்த வீடு அதுதான். உத்தரத்தில் 1497 என்று செதுக்கியிருக்கும். ஹால்டனில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் பனியாற்றுக் கால்வாயைத் திறந்தால், மிகப் பழைய வீடு இருக்கும் குடியிருப்புக்குத்தான் முதல் தண்ணீர். அந்த உத்தரத்தைக் காட்டியே பொடன்காரர்கள் தலைமுறை தலைமுறையாக முதல் தண்ணீர் முறையை அனுபவித்தார்கள். வீட்டுக்காரிக்கு மட்டும் கடைசி முறை, ஆம்பிளை இல்லாத வீடாம்.

சரிவின் நடுவில், கால்வாயை ஒட்டி, அவளுடைய அம்மா கொடுத்த உருளைக்கிழங்குக் காடு இருந்தது. வறட்சி வந்த வருஷம் அவள் முறை வருவதற்குள் கால்வாயில் தவளைகூட இல்லை. கிழங்கெல்லாம் கோலிக்குண்டு அளவுக்குத்தான் விளைந்தது. குளிர்காலத்தில் என்னத்தைத் தின்பது? நேரே கொழுந்தன் அமாண்டுஸிடம் போனாள். பொடனில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"அடுத்த வருஷமாவது என் முறையை முன்னாடி வையி அமாண்டுஸு. என் வீட்டைக் காட்டித்தானே எல்லாரும் தண்ணி வாங்குறீங்க?"

"வீடு மட்டும்தான் அண்ணி உங்களோடது. அது நிக்கிற மண்ணு எங்களோடது. ரொம்பப் பேசினீங்கன்னா வீட்டைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லுட்வினாவும் சிரித்தாள். அதைப் பார்த்தாவது அவன் பயந்திருக்க வேண்டும்.

இந்த மலையில் மரவீடு என்றால் அடுக்கிய உத்தரங்கள்தானே? பிரிக்கலாம், அடுக்கலாம். அன்றே அவள் ஸ்டாஃபல் தச்சன் தியோடுலைப் பார்த்து, "வீட்டை மேல கொண்டு வரலாம்னு இருக்கேன்" என்றாள். எவ்வளவு மேலே என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. முதல் தண்ணீர் தங்களுக்கு வரப்போகிறது என்று ஸ்டாஃபலே குதித்துக்கொண்டு கீழே இறங்கியது. தியோடுல் ஒவ்வொரு உத்தரத்திலும் வரிசைக்கு ஒரு வெட்டுக்குறி போட்டான். மற்றவர்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் அமாண்டுஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிழங்குக் காடு வந்ததும் லுட்வினா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இறக்குங்கப்பா, மூச்சு வாங்குது. சாப்பிட்டுட்டு ஏறலாம்."

கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தீர்வதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. லுட்வினா ஏற்கெனவே நான்கு மூலைக்கும் கல் போட்டு வைத்திருந்ததைத் தியோடுல் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"அடிப்பாவி! இது மூச்சு வாங்குற எடமா, வீடு கட்டுற எடமா?"

"இந்தக் குளிருக்கு மட்டும்தான். நனைஞ்சா மரம் வீணாப்போகும்ல?"

மற்றவர்கள் முணுமுணுத்தபடியே உத்தரங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தியோடுல் மட்டும் சிரித்துக்கொண்டே கூரை போட்டான். பிறகு குளிர்காலம் முழுக்கத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வந்துகொண்டே இருந்தான். அவ்வளவு பழுதான தாழ்ப்பாள் ஹால்டனில் வேறு எந்த வீட்டிலும் இருந்ததில்லை.

வசந்தத்தில் கால்வாய் திறக்கும் நாள் வந்தது. முதல் முறை யாருக்கென்று சொல்லவேண்டிய பாதிரியார் தண்ணீரை மந்திரித்துவிட்டு, உத்தரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். மிகப் பழைய வீடு இப்போது ஸ்டாஃபலிலும் இல்லை, பொடனிலும் இல்லை.

அமாண்டுஸ் கத்தினான். "ஒத்த வீடு ஒரு குடியிருப்பாகுமா சாமி?"

"ஆகாதா?" என்றாள் லுட்வினா. "இந்த வீட்டைக் கட்டின அன்னிக்குப் பொடன்ல எத்தனை வீடு இருந்துச்சு? நீ சொல்லேன்."

பாதிரியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதகு லுட்வினாவின் பக்கம் திறந்தது. தண்ணீர் கிழங்குப் பாத்திக்குள் பாய்வதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான்.

அமாண்டுஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அண்ணி... பழைய எடம் அப்பிடியேதான் கெடக்கு. திரும்பி வந்துடுங்களேன். மண்ணையும் உங்க பேருக்கே எழுதித் தர்றேன்."

"வேணாம்பா, மண்ணை நீயே வச்சுக்க" என்றாள் லுட்வினா, மண்வெட்டியால் வாய்க்காலை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டியபடி. "ஆனா அது நல்லாக் காயும். உன் முறை வர நாளாகும்."