குண்டூசி குத்தாத ஊர்

புவியியலில் முதுகலை முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய வருடம், ரப்பரும் ஈயமும் விலை விழுந்து நாடே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியது பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் வேலை. வெறும் ஆசைக்காக இல்லை. அப்பா தோட்டத்தில் மண்டோர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்க்கிறவர். அவர் ஓய்வு பெற்றதும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. என் சம்பளத்தில் வாடகை வீடு பிடிப்பதாக முடிவாகியிருந்தது. சம்பளம் ஒன்றுதான் பாக்கி.

தமிழ்ப்பள்ளியில் கழித்துப் போட்ட மலேசிய வரைபடத்தை வாங்கிவந்து முன்னறைப் பலகைச் சுவரில் மாட்டினேன். பக்கத்து டவுனான கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் எனக்காகப் பழைய ஆங்கிலப் பேப்பர்களை எடுத்துவைப்பார். விரிவுரையாளர் வேலைக்கு விளம்பரம் வந்த ஊரில் சிவப்புக் குண்டூசி. நான் மனுப்போட்டதும் அதைப் பிடுங்கிவிட்டு மஞ்சள். இல்லை என்று பதில் வந்தால் கறுப்பு. விவரங்களைப் படமாக்கினால் உண்மை தானாக எழுந்து நிற்கும் என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

லயத்து ஜனங்களுக்குப் படம் பிடித்துப்போயிற்று. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான். பக்கத்து வீட்டுக்காரி தினமும் எட்டிப் பார்த்து, பினாங்கு கறுத்துவிட்டதா என்று ஆஸ்பத்திரியில் கிடப்பவரை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் படத்தின் முன் நிற்பார். மகள் லெக்சரர் ஆகப்போகிறாள் என்று கோயில் கூட்டத்திலேயே அவர் சொல்லி வைத்திருந்தார்.

உண்மை எழுந்து நின்றது, அதில் குறையில்லை. சிவப்பு வருவதே அரிதாயிற்று. பாதி மனுக்கள் கிணற்றில் போட்ட கல். கோலாலம்பூரைச் சுற்றிக் கறுப்பு ஈயாக மொய்த்தது. எந்த ஊரில் எனக்கு இடமில்லை என்பதை இவ்வளவு சுத்தமாக வேறு யாரும் படம் போட்டிருக்க முடியாது. படித்த படிப்பின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

அப்பா இன்னும் ஒரு வருடம் வேலை நீட்டிப்புக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். அன்று சாயங்காலம் அதைச் சொன்னதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா வழக்கத்தைவிட அதிக நேரம் படத்தின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, ஊசியே குத்தாத ஊரு எது?"

"எதுக்குப்பா?"

"வேல இல்லாத ஊருல வாடக கொறைவா இருக்கும்லா."

குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தேடுவதற்குச் சிரமமே இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து கோலா குபு பாரு வரைக்கும் படம் வெறுமையாகத்தான் கிடந்தது. செரண்டாவில் விரலை வைத்து, இங்கே போகலாம் என்றேன்.

அங்கேதான் போனோம். வாடகை கட்ட வேண்டுமே, ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துணைக்கு அப்பாவும் வந்தார். எதுவரை படித்திருக்கிறாய் என்று மேற்பார்வையாளர் கேட்டார். பட்டதாரி என்றால் நிலைக்கமாட்டாள் என்று எடுக்கமாட்டார்கள். ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தோடு சரி என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"ஆமாங்க, அதுக்கு மேல நான் படிக்க வைக்கல," என்றார் அப்பா.