லாப்லாலி மரத்தில் ஒரு கதவு

எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து உதிரி பாகங்கள் வரும் பெட்டிகளெல்லாம் ஒரே மரம். வெளுத்த மஞ்சள் நிறம், பிரித்தால் பிசின் வாடை. பேப்பரில் லாப்லாலி பைன் என்று போட்டிருப்பார்கள். லைனில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நீளம் வாயில் நிற்காது. "லாலி வந்துச்சா, இறக்கியாச்சா" என்பதோடு சரி. ஸ்டோர்ஸில் பதினோரு வருடமாக அதைப் பிரிக்கிற எனக்கும் அது வெறும் பெட்டி மரமாகத்தான் இருந்தது.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பெயரைப் பார்த்தாலும் அர்த்தம் தேடாமல் இருக்க முடியாது. ஒருநாள் டீ பிரேக்கில் போனில் தேடினேன். லாப்லாலி என்றால் பழைய ஆங்கிலத்தில் தளதளவென்று கொதிக்கும் கெட்டிக் கஞ்சி. கப்பல்காரர்கள் குடித்தது. பிறகு அமெரிக்காவின் தெற்கே, கஞ்சி மாதிரிக் குழைந்து கிடக்கும் சேற்றுப் பள்ளத்தை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பள்ளங்களில் வளர்கிற பைனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னேன். "மரத்துக்குப் போய் கூழுன்னு பேர் வெச்சிகீறானுங்களா? நம்ம தெருவுக்கு வெச்சிருந்தா பொருத்தமா இருந்திருக்கும்" என்றாள். அதுவும் சரிதான். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிப் போட்ட லேஅவுட் எங்களுடையது. நாலு தூறல் விழுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. குளிப்பாட்டுவது, சேலை கட்ட முடியாததால் நைட்டி மாட்டிவிடுவது எல்லாம் என் மனைவி. பாத்ரூமுக்கு மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போவாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். ஒருமுறை, பூட்ட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கை காலு எல்லாம் உங்க கையில குடுத்துட்டேன். இது ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்டா" என்றாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எழுந்திருக்கும்போது அவள் கதவில்தான் சாய்ந்து ஊன்றுவாள். பி.வி.சி. கதவு ஆட்டம் கண்டு, கீல் பக்கம் விரிந்துவிட்டது. கெட்டியாக ஒரு கதவு போடலாம் என்று, கம்பெனியில் கழித்த பெட்டிப் பலகைகளை கேட் பாஸ் போட்டு எடுத்து வந்தேன். வீக்லி ஆஃபில் நானே இழைத்துச் சேர்த்தேன். எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான், தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; அவன் உதவிக்கு வந்தான்.

"ண்ணா, இது பெட்டிக்குத்தான் ஆவும். கப்பல்ல வந்து சேர்ற வரைக்கும் தாங்கினா போதும்னு போட்ட மரம். பாத்ரூமுக்கு வேணாம்ணா. இல்லாட்டி நல்லா பெயிண்டாவது அடி" என்றான்.

"சேத்துல நின்னு வளந்த மரம்பா. பேரே அதான். நம்ம பாத்ரூம் தண்ணி அதை இன்னா பண்ணிடும்?" என்றேன். எவ்வளவு பெரிய மேதாவி நான். உயிரோடு நிற்கிற மரம் வேறு, அறுத்த பலகை வேறு என்பது ஸ்டோர்ஸ் வாசலில் நனைந்து உப்பிக் கிடக்கும் பெட்டிகளை வருடா வருடம் பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது. பெயருக்கு அர்த்தம் கண்டுபிடித்த மிதப்பு கண்ணை மறைத்துவிட்டது. பெயிண்டும் அடிக்கவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான். "இடுக்கு தெரியாம போடுப்பா." நிலையோடு ஒட்டி, ஒரு தாள் நுழையாதபடி பொருத்தினேன். அவள் வலது கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தேன். கதவைத் தடவிப் பார்த்து, நல்ல வாசனையாக இருக்கிறது என்றாள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மனைவி ஷிப்டுக்குப் போனவள் ரோட்டில் தண்ணீர் என்று தண்டலத்தில் தன் தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வாலாஜாபாத் போயிருந்தார்கள். எனக்குக் கம்பெனி பஸ் வரவில்லை. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். காலை பத்து மணி இருக்கும், அம்மா பாத்ரூம் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதைத் திறக்கிற சத்தமும் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"இழுக்க வரலடா."

மழையில் உப்பிப்போன கதவு, அவள் சாய்ந்து ஊன்றியதில் நிலையோடு கவ்விக்கொண்டிருந்தது. அது உள்பக்கம் திறக்கும் கதவு. நான் தோளைக் கொடுத்து மோதினால் திறந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் அம்மா அதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறாள். தள்ளிப்போம்மா என்றேன்.

"எங்கடா போவேன்? கால் வழுக்குது. கதவைத்தான் புடிச்சிக்கினு கீறேன்."

தள்ளினால் விழுவாள். தள்ளாவிட்டால் எவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் நிற்பாள்? இந்தப் பக்கம் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு வாங்குவது பலகை வழியாகக் கேட்டது. அழுகை வந்தது. அழுதால் அவளுக்குக் கேட்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதுதான் போன் ஞாபகம் வந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

முழங்கால் தண்ணீரில் ரம்பத்தோடு வந்தான். மேல்பாதியை அறுத்து எடுப்பதென்று முடிவு செய்தோம். நான் செய்த கதவு, அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. அறுக்க அறுக்க அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நைட்டி எல்லாம் நாசமா கீதுடா. பாக்காதீங்க."

மேல்பாதி கழன்று வந்ததும் தம்பி ஸ்டூலில் ஏறி உள்ளே குனிந்தான்.

"கண்ண மூடிக்கினு தூக்குப்பா" என்றாள் அம்மா.

"மூடிக்கினேன்மா." நிஜமாகவே மூடியிருந்தான். கண்ணை மூடியபடியே துழாவி அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தான். நான் கீழ்ப்பாதியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னால் கண்ணை மூட முடியவில்லை. கழுவிவிட வேண்டியவன் நான்தானே. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு புதிதாக பி.வி.சி. கதவு போட்டேன். இடுக்கு வைத்தே போட்டேன். அம்மா தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அதற்கப்புறமும் அவள் கதவைச் சாத்துவதில்லை. கம்பெனியில் லாலி இன்னும் வாரம் தவறாமல் வருகிறது. யாராவது அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் உள்ளே போனதும் நான் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. உடனே, விழுந்தால் கேட்க வேண்டுமே என்று குறைக்கிறேன். மறுபடி கூட்டுகிறேன்.