டயருக்குள் வைக்கோல்

எண்ணூர்ச் சாலையில் அந்த மாட்டு வண்டிக்காரரைச் சந்தித்தபோது, என் முதலாளியான துரையின் மோட்டார் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டிருந்தேன். பின் டயர் பஞ்சர். ட்யூப் நீளமாகக் கிழிந்திருந்ததால் ஒட்டவும் வழியில்லை. ஐந்து மணிக்குள் வண்டி எண்ணூரில் துரை வீட்டில் நிற்காவிட்டால் என் வேலை போய்விடும். யாரிடமும் உதவி கேட்க எனக்குக் கூச்சம்.

எனக்குப் பின்னால் வந்த அவர் தானாகவே இறங்கி வந்தார். காதில் பீடி செருகியிருந்தார். அவருடைய மாடுகள் பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடும் சோம்பேறிகள். ஆனாலும் எதையும் அவற்றைக் கேட்டுத்தான் செய்வார்.

"இன்னா நைனா, உன் தீனியில கொஞ்சம் இந்தாளுக்குக் குடுக்கட்டா?" என்று மாட்டைக் கேட்டார். பிறகு ட்யூபை உருவிவிட்டு, டயருக்குள் வைக்கோலை இறுகத் திணித்தார். மீதியைக் கட்டாக்கி என் இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டார்.

"இது எதுக்குங்க?"

"வழியில அமுங்கிச்சுன்னா திணிக்கத்தான். மெதுவா போ மாமு, நானும் எண்ணூருக்குத்தான் வந்துகினு கீறேன்."

மெதுவாகவே ஓட்டினேன். மாடுகள் அந்த வைக்கோல் கட்டை முகர்ந்தபடி, ஓரிடத்திலும் நிற்காமல் என் பின்னாலேயே ஓடி வந்தன. அவர் சாட்டையை மடியில் போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மணி ஐந்து அடிக்கும் முன்பே துரை வீட்டு வாசலை அடைந்தோம். "உங்களால்தான் நேரத்துக்கு வந்தேன்" என்றேன்.

"மாடும் அதையேதான் உன்னாண்ட சொல்லச் சொல்லுது" என்றார்.