டைல்ஸுக்கு அடியில் ஒரு சொல்

காலை 6.40. அரக்கோணம். திருப்பதி ரயிலில் ஏறிய கூட்டத்தில் கோவிந்தா சொல்லாதவன் நான் ஒருவன்தான். வேண்டுதல் எனக்கும் இருந்தது. ஆனால் பெருமாளிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். லீவு நாட்களில் நடுகல் பார்க்கப் போவேன். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவனுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊரார் நட்டு வைத்த கல். கையில் வில்லோடு ஓர் உருவம், கூடவே நாலைந்து வரி எழுத்து. ராஜாக்களின் வரலாற்றை எழுத ஆள் இருக்கிறார்கள், இவர்களுக்கு நானாவது இருக்கிறேனே என்று நாற்பத்திரண்டு கற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்தேன். முன்னுரையில், ‘நாற்பத்திரண்டையும் நேரில் கண்டு, வாசித்து எழுதினேன்’ என்று கம்பீரமாகப் போட்டிருந்தேன். கண்டது நாற்பத்தொன்று.

வியாழக்கிழமை பதிப்பாசிரியர் அம்மையார் போன் செய்தார்.

“சார், கடைசிக் கல்லோட படம் யார் எடுத்தது?”

“அது… இணையத்துல…”

“அப்போ நேர்ல பாத்தது?”

இருமினேன். நல்ல நீளமான இருமல். அவர் காத்திருந்தார்.

“படத்துல மூணு வரிதான் தெரியுது. மூணாவது வரி ‘தொறு’ன்னு நின்னுடுது. நீங்க நாலாவதும் போட்டிருக்கீங்களே? திங்கக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது சார்.”

தொறு என்றால் மாட்டு மந்தை. அதற்குப் பிறகு ‘கொண்டு பட்டான்’ என்று நானே போட்டிருந்தேன். அதாவது மந்தையைத் திருடிக்கொண்டு போகும்போது செத்தான். ‘மீட்டுப் பட்டான்’ என்றும் இருந்திருக்கலாம். ஆனால் ‘ஊர் கும்பிடும் திருடன்’ என்று அத்தியாயத்துக்கு ஒரு தலைப்பு தோன்றிவிட்டது. அப்படி ஒரு தலைப்பு கிடைத்தபின் எவன் மீட்பான்? ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அடைப்புக்குறி பக்கத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டிருந்தேன்.

காலை 8.45. திருப்பதி. கல்லை யாராவது முன்பே முழுதாகப் படித்து அச்சிட்டிருந்தால் வெயிலில் அலைய வேண்டாமே என்ற சோம்பேறி யோசனையோடுதான் நேரே சித்தூருக்குப் போகாமல் இங்கே இறங்கினேன். பழைய கல்வெட்டு அறிக்கைகள் இருக்கும் நூலகம் ஒன்று இந்த ஊரில் உண்டு. ஆட்டோக்காரரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில், “கல்வெட்டுக் கட்டடம் போவாலி” என்றேன். எண்பது ரூபாய் என்றார். ஏறினேன்.

அவர் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் வாசலெல்லாம் ஈரத் தலையில் சந்தனம் பூசிய மொட்டைகள். கல்யாணகட்டா, முடி காணிக்கை செலுத்தும் இடம். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என் தலையை ஒரு முறை பார்த்தார். முன்னெற்றியிலிருந்து பின்கழுத்து வரை அங்கே காணிக்கைக்கு ஒன்றும் இல்லை.

“சாமிக்கு குடுக்க இன்னா சார் மிச்சம் கீது?” என்றார் மிகுந்த கவலையோடு. “மீசையா?”

நூலகம் என்று புரியவைக்க இன்னொரு அறுபது ரூபாய் ஆயிற்று.

காலை 10.15. நூலகத்தில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மா பழைய ஆண்டறிக்கையை எடுத்து வந்து, தூசியைத் தன் புடவை மேல் படாமல் என் சட்டை மேல் தட்டினார். என் கல் அதில் இருந்தது. மூன்று வரி மூலமும் கீழே ஒரு குறிப்பும்: ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல், கடைசி வரி தரையில் புதைந்துள்ளது. பூசலில் இறந்தானாம். திருடினானா மீட்டானா என்று எழுதியவர் வாயைத் திறக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்ட அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

“வேற புக்குல இருக்குமா மேடம்?”

“எத்தினி புக்கு பாத்தாலும் இதப் பாத்து எழுதினதாத்தான் இருக்கும். லைன் பூமிலோ உந்தி சார்,” என்று விரலால் தரையைக் காட்டினார். “போயி தோண்டுங்க.”

காலை 11.30. சித்தூர் பஸ். எழுபது கிலோமீட்டர், நூற்றைந்து ரூபாய், இரண்டு மணி நேரம். வழியெல்லாம் மாந்தோப்பு. ஜன்னலோர சீட்டு கிடைத்தும் நான் மாமரம் ஒன்றையும் பார்க்கவில்லை. மூடிய கண்ணுக்குள் முன்னுரைதான் ஓடிக்கொண்டிருந்தது.

சித்தூரில் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு, வேலூர் ரோட்டில் குடிபாலாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு வருகிறவர்களுக்கு விலாசம் கொடுக்காதே என்பது ஊர்க்காரர்களின் கண்டிப்பான உத்தரவு.

பிற்பகல் 2.50. வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பில் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி நின்றிருந்தார். பெயர் சரோஜா, நாற்பத்தைந்து வயது இருக்கும். என் தோள்பையையும் அளவு டேப்பையும் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

“கல்லு பாக்க வந்தேம்மா.”

“இன்னா சார் மறுபடியும்? போன மாசந்தான் சர்வேக்காரங்க வந்து நட்டுட்டு போனாங்க. தோ கீது பாரு, உங்க கல்லு!” கொல்லை மூலையில் புத்தம்புதிய எல்லைக் கல்லைக் காட்டினார்.

“அது இல்லம்மா. பழைய கல்லு. வில்லு வெச்சிக்கிட்டு…”

“அட, எங்க சாமியா!” என்று சிரித்தவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “முருகேசா! சாமி எழுத்து படிக்கிறவரு வந்துகீறாரு!”

முருகேசன் அவருடைய கொழுந்தனார். கிரானைட் பாலிஷ் ஃபேக்டரியில் வேலை. அன்று வார விடுமுறை. இருவரும் என்னைக் கொல்லையின் நடுவே ஒரு சின்ன மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். மஞ்சளும் குங்குமமும் பூசி என் நாற்பத்திரண்டாவது கல் நின்றது. இடுப்பு உயரம். மூன்று வரி தெரிந்தது. அதற்குக் கீழே பளபளவென்று டைல்ஸ்.

“கூலிக்கி வந்துக்கினு இருந்த காலத்துலேருந்து எங்காளுங்க இந்தக் கல்லுக்கு வெளக்கு ஏத்துறாங்க சார்,” என்றார் சரோஜா. “இப்ப நெலமும் எங்குளுது. ஆனா ரோட்டுக்கு அந்தாண்ட ஊருக்காரங்க, ‘தொங்க தேவுடு’ம்பாங்க.”

தெலுங்கில் தொங்க என்றால் திருடன்.

“திருட்டு சாமி கும்புடற ஆளுங்கன்னு பேச்சு. பசங்க இஸ்கூல்ல சண்ட போட்டுக்கினு வரும். எழுத்துல இன்னா கீதுன்னு நீதான் சொல்லணும். வேற மாதிரி கீதுன்னாலும் சொல்லிடு சார். மறைக்காத.”

பையில் ‘ஊர் கும்பிடும் திருடன்’ பதினொரு பக்கம் இருந்தது. ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தேன்.

“கடைசி வரி டைல்ஸுக்குக் கீழ இருக்கும்மா” என்றேன். எடுக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிடக் கூடாதா என்று ஒரு மனம் ஏங்கியது. அதற்குள் முருகேசன் வீட்டுக்கு ஓடி உளியோடு வந்துவிட்டார். பத்தே நிமிடம். ஒரு டைல்ஸ் மூலை உடையாமல் அப்பளம் மாதிரி கையோடு வந்தது. அடியில் இருந்த மணலை வழித்தெடுத்தார். கல்லில் ஏதோ கீறல்கள். நான் டார்ச் அடித்தேன், கண்ணாடியைக் கழற்றினேன், மாட்டினேன், மண்டியிட்டேன், ஒரு கட்டத்தில் படுத்தே விட்டேன். ஓர் எழுத்தும் தேறவில்லை.

“ஏந்திரு சார்,” என்றார் முருகேசன். “படுத்துக்கினா சாமி இன்னா காதுலயா சொல்லும்? தள்ளு.”

ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றித் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

“ஸ்லாபுல விரிசல் கீதான்னு இப்டித்தான் பாப்போம். மேல சீக்கிரம் காஞ்சிடும். பள்ளத்துல ஈரம் நிக்கும். சும்மா பாத்துக்கினே இரு.”

இருபது வருஷமாக நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பையன்களுக்குப் பாடம் நடத்தியவன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்குப் பக்கத்திலிருந்து வெயில் சாய்வாக விழுந்தது. கல் வெளுத்தது. வரியின் கடைசியில் முதலில் கறுப்பாக நின்றது ‘பட்டான்’. செத்தது உறுதி. அதற்கு முன்னால் ‘டு’. கொண்டு என்பதற்கும் மீட்டு என்பதற்கும் கடைசி எழுத்து அதே டு. அதற்கு முந்தைய எழுத்துத்தான் தீர்ப்பு. சுழி சுழியாக இருந்தால் ண. வெறும் மூலையாக இருந்தால் ட. அந்தக் காலத்தில் கல்லில் புள்ளியும் வைக்க மாட்டார்கள்.

“இன்னா சார்? இன்னா கீது?”

“இரும்மா. காயட்டும்.”

சுழி இல்லை. ஒரு மூலை. நெட்டாக ஒரு கோடு, படுக்கையாக ஒரு கோடு. பக்கத்தில் ‘மீ’ தலையைக் காட்டியது.

“மீட்டு!” என்று கத்தினேன். மாடு மிரண்டது. “தொறு மீட்டுப் பட்டான்! திருட்டுப்போன மாட்டைத் திரும்பப் பிடிச்சுக் கொண்டாரப் போயி செத்திருக்காரும்மா! இவர் திருடன் இல்லை, திருடனைத் துரத்தினவர்!”

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, “அந்த டைல்ஸ திரும்ப ஒட்டாதடா,” என்றார். அடுத்து என் பக்கம்: “மத்தியானம் துன்னியா சார்? மூஞ்சே செத்துக்கீது.”

களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. ‘கொண்டு பட்டான்’ என்று எழுதிய கையால் அதைப் பிசைந்து தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டாம் முறை குழம்பு கேட்டேன்.

முருகேசன் தன் போனில் அந்த வரியைப் படம் எடுத்துத் தந்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். “தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதிக் குடு சார். கிரானைட்ல வெட்டி ரோட்டப் பாத்தாப்புல வெச்சிடறேன். அந்தாண்ட ஊருக்காரன் நின்னு படிக்கட்டும்.” தமிழில் எழுதினேன். தெலுங்கைச் சரோஜாவே எழுதினார். என் தெலுங்கின் லட்சணம் காலையில் ஆட்டோவிலேயே தெரிந்துவிட்டதே.

மாலை 6.35. காட்பாடி. இந்த வழியாக வந்திருந்தால் காலை பத்து மணிக்கே கல் முன்னால் இருந்திருப்பேன். அரக்கோணம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. எங்கள் ஊரில் நடுகல்லே கிடையாது என்று இத்தனை நாள் மற்றவர்களிடம் குறைப்பட்டிருக்கிறேன். அன்று அது பெரிய நிம்மதியாக இருந்தது. இருந்திருந்தால் அதையும் பார்க்காமலே எழுதியிருப்பேன்.

பையைத் திறந்து பதினொரு பக்கத்தையும் குறுக்கே அடித்தேன். தலைப்பையும் அடித்தேன். முன்னுரைக்கு வந்தேன். அதில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை. பதிப்பாசிரியருக்குப் படத்தை அனுப்பி, ‘படம்: முருகேசன். கடைசி அத்தியாயம் நாளை இரவு புதிதாக வரும்’ என்று எழுதினேன்.

வாலாஜா ரோடு தாண்டும்போது பதில் வந்தது.

“சரி சார். நாலாவது வரிக்கு அடைப்புக்குறி போடணுமா?”

“வேண்டாம்,” என்று தட்டினேன். “கண்ணால பாத்தது.”