ஆலிபூர் கோர்ட்டில் ஒரு குரங்குக் குல்லா

நான் கொல்கத்தாவுக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. 2006 ஜனவரியில் அம்மாதான் துரத்தினாள். "வசந்தி கோர்ட்டு, கேசுன்னு அலையுதாளாம். கையோட கூட்டிட்டு வந்திரு." வசந்தி என் தங்கை. அங்கே சால்ட் லேக் பகுதியில் ஒரு செருப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் அதிகாரி.

ஹவுராவிலிருந்து அவள் குடியிருக்கும் பவானிபூருக்கு மஞ்சள் டாக்ஸி. மீட்டரில் நாற்பது, டிரைவர் எண்பத்திரண்டு கேட்டார். சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். மீட்டரை இரட்டித்து இரண்டு ரூபாய் சேர்ப்பதுதான் அங்கே கட்டணமாம். போகிறவர்கள் என்னைப் போல அசடு வழியாதீர்கள்.

வசந்தி விஷயத்தைச் சொன்னாள். தோல் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பேசுகிறவர் சுமித்ரா தீதி; அங்கே அக்காவைத் தீதி என்பார்கள். வசந்தியின் கம்பெனிக்குத் தோல் தரும் ஆலையில், கையுறைகூட இல்லாமல் ரசாயனத்தில் வேலை வாங்குகிறார்கள் என்று புகார் சொன்னார். கம்பெனியே நேரில் பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பியது. ஆலைக்காரரோ, அத்துமீறி நுழைந்து திருடினார் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிட்டார். மறுநாள் ஜாமீன் விசாரணை.

"நீ ஏன் நடுவுல போற?"

"நாங்க அனுப்பித்தானே போனாங்க, அண்ணே? இப்ப வாயப் பொத்திட்டு இருந்தா நாங்கள்லாம் மனுசங்களா? எங்க எம்.டி.யே கோர்ட்டுக்கு வந்து சொல்லுதேன்னிருக்காரு."

சரக்குத் தருகிறவனைப் பகைத்துக்கொண்டு எந்த முதலாளி வருவான்? நான் நம்பவில்லை.

பவானிபூரிலிருந்து ஆலிபூர் கோர்ட்டுக்கு நடந்தே போகலாம். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முகம் மட்டும் கொஞ்சம் தெரிகிற குரங்குக் குல்லாவோடு ஒருவர் வந்து வசந்தி பக்கத்தில் நின்றார். அவர்தான் எம்.டி.யாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூஞ்சிய மறைச்சுக்கிட்டா வந்து சொல்லப் போறாரு?"

வசந்தி சிரித்துவிட்டாள். "குளிருக்குண்ணே. லேசா பனி விழுந்தாலே இந்த ஊரு முழுக்கக் குல்லாதான்."

வழக்கை அழைத்தார்கள். கம்பெனி வக்கீலோடு அவர் எழுந்தார், குல்லாவைக் கழற்றிப் பையில் திணித்தார், முன்னால் போய் வங்காளத்தில் பேசினார். வசந்தி என் காதில் சொன்னாள்: "'இவங்கள அனுப்பினது நான். இது குத்தம்னா முதல் குத்தவாளி நான்தான்'ங்காரு."

ஜாமீன் கிடைத்தது. மாலையில் வெளியே வந்த தீதி முதலில் வசந்தியின் கையைத்தான் பிடித்துக்கொண்டார். என் தங்கை என்று அங்கிருந்த எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. டீக்கடைக்காரரிடம் சொல்லியும்விட்டேன். எம்.டி. மறுபடி குல்லாவை மாட்டிக்கொண்டு, சளி பிடிக்கும் என்று முணுமுணுத்தபடி காருக்கு நடந்தார்.

ஜனவரியில் போனால் கருப்பட்டிபோல வாசம் வீசும் புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை விடாதீர்கள். ஸ்வெட்டர் ஒன்று போதும். குல்லாக்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டியா?" என்றாள்.

"எனக்கு மட்டுந்தாம்மா. அவளுக்கு இங்க வேலை கெடக்கு."