சவரிமுத்து கட்டிய ரயில் இன்ஜின்

கீரனூர் பஸ் கண்டக்டர் என் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தபோது, வழக்கம்போலத் தலைவலி மாத்திரைக்குத்தான் வருகிறார் என்று டப்பாவைத் திறந்துவிட்டேன். "ஒங்க பல்லுக்காரரு இன்னக்கி விடியக்காலம் ஆவூர்ல தவறிட்டாருங்க. மக வீட்ல ஒங்கள்ட்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்ததால் சொன்ன கையோடு போய்விட்டார். கையில் இரண்டு மாத்திரையோடு நான் அப்படியே நின்றேன். பக்கத்துக் கதவு சவரிமுத்துவின் பல் கட்டும் கடை. நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மகள் அழைத்துப்போயிருந்தாள். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி செய்த பல் செட்டுக்காக வந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போகும் கறம்பக்குடிப் பெரியவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கட்டிக் கொடுத்த பல்லால் முறுக்குக் கடிக்கிறவர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கட்டிய ரயில் இன்ஜினைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இதை எழுதுவது அந்த இன்ஜினுக்காக.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் ஆவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்து என் கடைக்குப் பக்கத்தில் போர்டு மாட்டினார். சில வருஷம் கழித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவருடைய மச்சான் லீவில் வந்தபோது ஒரு அட்டைப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பித்தளைத் தகடுகள், ஈயத்தில் வார்த்த சின்னச் சின்னப் பாகங்கள், அரிசி மணி அளவில் குமிழ்கள், மடித்த ஒரு வரைபடம். எல்லாவற்றையும் அறுத்து, ராவி, பற்றவைத்துச் சேர்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு ரயில் இன்ஜின் வரும். சீமையில் பெரிய மனிதர்களே இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்களாம். "வெலைக்கு வாங்குன சாமானைப் பிரிச்சுக் குடுத்து நீயே கட்டிக்கன்னா, அவன் கெட்டிக்காரனா வாங்குனவன் கெட்டிக்காரனா" என்று நான் கேட்டேன். சவரிமுத்து இடுக்கியால் ஒரு குமிழை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அதில் விழுந்துவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பல் வலிக்காரர்கள் வருவது குறைவு. அந்த நேரம் முழுக்க இன்ஜினுக்குத்தான். பல் ராவுகிற அரங்களும், கொக்கிக் கம்பி வளைக்கிற குறடும், ஒற்றைக் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியும் அவரிடம் ஏற்கனவே இருந்தன. சீமைக்காரனிடம்கூட இவ்வளவு வசதி இருந்திருக்காது. ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் தும்மித் தொலைத்தேன். மேஜையில் வரிசையாக வைத்திருந்த குமிழ்கள் பறந்தன. அன்று மாலை வரை இரண்டு பேரும் ஈரத்துணியை வைத்துக்கொண்டு தரையைத் துழாவினோம். எல்லாம் கிடைத்துவிட்டன. ஆனாலும் அந்த மாதம் முழுக்க நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "அங்கிட்டு நின்னு பேசு" என்று வாசலைக் காட்டினார். அவர் மனைவி தெரசம்மாள் சாப்பாடு கொண்டுவரும்போது என்னிடம் சொல்வார்: "ஊர்ல உள்ளவுகளுக்கெல்லாம் பல்லு வலி. இவுகளுக்கு மட்டும் இஞ்சின் வலி. இதுக்கு ஒங்க கடையில மருந்து இருக்கா அண்ணே?"

பெட்டியில் வந்தது சீமையில் ஓடுகிற இன்ஜின். சவரிமுத்துவுக்கு அது வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து கீரனூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரை போகும் நம் மீட்டர்கேஜ் வண்டியின் இன்ஜின்தான் வேண்டும். அதனால் வந்த தகட்டையெல்லாம் வெட்டிக் குறுக்கினார். இன்ஜின் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நூலும் கையுமாகப் போய் நிற்பார். முதல் நாள் யாரோ சந்தேகப்பட்டு விரட்டப் பார்த்தார்கள். டிரைவர் காளியப்பன்தான் மேலிருந்து எட்டிப் பார்த்து, "அளந்துட்டுப் போகட்டுங்க, நம்ம வண்டியத் தூக்கிட்டா போகப்போறாரு" என்றார். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதர்கள். அதன் பிறகு காளியப்பனின் வண்டி வரும் வேளையில் இவர் கடையில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறந்தபடியே காத்திருக்க வேண்டியதுதான்.

ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று. இன்ஜின் முடிகிற தறுவாய். பாய்லரைச் சுற்றிய பட்டைகள், ஏணிப்படி, டிரைவர் எட்டிப் பார்க்கும் சன்னல் எல்லாம் வந்துவிட்டன. பெயிண்ட் மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் கீரனூருக்கு இந்தப் பக்கம், பாதை வலப்பக்கமாக வளையும் இடத்தில், கேட் இல்லாத குறுக்குப் பாதையில் காளியப்பன் ஓட்டிவந்த வண்டி ஒரு மாட்டுவண்டியில் மோதியது. கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டி. ஒரு மாடு அங்கேயே செத்தது. வண்டிக்காரருக்கு ஒரு கால் போயிற்று. காளியப்பனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை ஆரம்பித்தார்கள். பாய்லர் மறைத்தது, மாட்டுவண்டி கண்ணில் படவில்லை என்று அவர் சொன்னார். விசாரிக்க வந்த அதிகாரி அதே ரக இன்ஜின் ஒன்றில் தானே ஏறி, டிரைவர் நிற்கும் இடப்பக்கம் நின்று பார்த்தார். பாய்லரின் தோளுக்கு மேலாக அந்த இடம் கொஞ்சம் தெரிகிறது, கவனித்திருந்தால் பிரேக் போட்டிருக்கலாம் என்றார்.

காளியப்பன் சவரிமுத்துவின் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "அண்ணே, நீங்க நூல் பிசகாம அளந்து கட்டியிருக்கீங்க. அந்த மாட்டுவண்டி என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமா, தெரிஞ்சிருக்காதா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். சவரிமுத்து மேஜைமேல் சாக்கட்டியால் அந்த வளைவை வரைந்தார். இன்ஜினை அதன்மேல் வைத்தார். குறுக்குப் பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீக்குச்சியை நட்டார். டிரைவரின் கண் இருக்கும் இடத்தில் ஒரு நூலைப் பிடித்து, சன்னல் வழியாக இழுத்துத் தீக்குச்சி வரை கொண்டுபோனார். நூல் எதிலும் படவில்லை. பாய்லரின் தோளைத் தொடாமல் நேராகப் போய்விட்டது.

காளியப்பன் குனிந்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தெரிஞ்சிருக்கணும்" என்றார். "நாந்தான் பாக்காம விட்டுட்டேன். அந்த மனுசன் கால நாந்தான் வாங்கியிருக்கேன்." வேலை போவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. வெயில் இறங்கும் நேரம் வரை தன்னைக் குற்றமில்லாதவனாக நம்பியிருந்த ஒருவர், எங்கள் கண் முன்னால் அந்த நம்பிக்கையை விட்டார். நான் தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. எழுந்து செருப்பைத் தேடினார்.

"காளி, உக்காரு" என்றார் சவரிமுத்து. முகம் வெளிறியிருந்தது. "ஒன் வண்டியில பாய்லர் மேல, இடது பக்கமா, லைட்டுக்குக் கரண்டு குடுக்குற டைனமோ ஒண்ணு இருக்கும்ல?"

"இருக்கும்."

"அத நா வைக்கல. அசிங்கமா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

அந்த டைனமோ, இன்ஜின் செய்து பல வருஷம் கழித்துப் பட்டறையில் மாட்டியது. எல்லா இன்ஜினிலும் மாட்டியிருக்கவில்லை. அதிகாரி ஏறிப் பார்த்ததில் இல்லை. காளியப்பன் ஓட்டியதில் இருந்தது. ஆனால் அந்த இன்ஜின் மோதிய கையோடு பழுதுபார்க்கப் போய்விட்டது. காளியப்பனுக்கோ அது பாய்லரோடு பாய்லராகக் கண்ணில் பழகிப்போயிருந்தது. தனியாக ஒரு சாமான் மறைக்கிறது என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. நினைத்துப் பார்த்தால், அந்த டைனமோ அங்கே இருக்கிறது என்று தெரிந்து, அது உறுத்தி, வேண்டாம் என்று முடிவு செய்த மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். மீசையில்லாத முகத்துக்கு நடுவில் பாலுண்ணி மாதிரி இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை, டைனமோ மாட்டிய வேறொரு இன்ஜின் வந்தது. சவரிமுத்து போய் நூல் பிடித்து அளந்தார். என் கடையிலிருந்து ஒரு காலித் தைல டப்பாவை எடுத்துக்கொண்டார். அதன் தகரத்தை வெட்டி வளைத்து, அந்த அசிங்கத்தை அப்படியே செய்தார். மூன்று வருஷம் கண்ணும் கருத்துமாக மெருகேற்றிய பாய்லரில் நெருப்பை வைத்துப் பற்றவைத்தபோது, பட்டைகளில் ஒன்று இளகிக் கோணிக்கொண்டது. அவர் அதை நிமிர்த்தவில்லை. மறுபடி நூலைப் பிடித்தார். இந்தத் தடவை நூல் தகரத்தில் இடித்து நின்றது. காளியப்பன் சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

விசாரணைக்கு இன்ஜினை மடியில் வைத்துக்கொண்டுதான் சவரிமுத்து போனார். அந்த அதிகாரி பொறுமைசாலி. பொம்மையைக் கொண்டுவந்து காட்டுகிறாயா என்று விரட்டவில்லை. நூலை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். பிறகு டைனமோ மாட்டிய இன்ஜின் ஒன்றை அதே வளைவுக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, அதில் ஏறிப் பார்த்தார். காளியப்பனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கால் போனவருக்குக் கால் திரும்பவில்லை. அதைக் காளியப்பன் மறக்கவில்லை. விளைச்சல் காலத்தில் லீவு போட்டுவிட்டு அந்த வண்டிக்காரர் வயலில் போய் வேலை செய்துவிட்டு வருவார்.

ஒருமுறை நான் கேட்டேன்: "வேலைதான் முடிஞ்சுதே, அந்தத் தகரத்த எடுத்துட்டுப் பழையபடி அழகாக்கிப்புடேன்." சவரிமுத்து சொன்னார்: "அழகா இருந்தப்ப அது ஒரு மனுசனப் பொய்யனாக்கிச்சு. இனி அது இப்புடியே இருக்கட்டும்." அதற்குப் பிறகு மச்சான் இரண்டு பெட்டிகள் அனுப்பினார். இரண்டையும் கட்டினார். இரண்டிலும் கரி படிந்த இடம், ஒட்டுப்போட்ட இடம், யாரோ மிதித்து வளைத்துவிட்ட ஏணிப்படி எல்லாம் உண்டு.

ஆவூர்க் கோயில் கல்லறைக்குக் காளியப்பன் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். அடக்கம் முடிந்து மகள் வீட்டுக்குப் போனதும், தெரசம்மாள் அந்த முதல் இன்ஜினைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "ஒங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போயிருக்காக" என்றார். காளியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பஸ் ஏறும்வரை பிடியை விடவில்லை.

எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்க்கிறேன். இதை எழுத உட்கார்ந்தபோது, செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றுதான் நினைத்தேன். எழுத எழுத அந்த நூல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆகவே விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். சவரிமுத்து முன்கோபக்காரர். வலியில் வந்தவர்களைக்கூடத் திட்டுவார். என் மகள் கல்யாணத்துக்கு வந்து, சாப்பாடு சரியில்லை என்று பந்தியிலேயே சொன்னார். எனக்கு அவர் கட்டிக் கொடுத்த கீழ்வரிசைப் பல் ஒருநாளும் சரியாக உட்கார்ந்ததில்லை. கேட்டால், "பல்லு சரியாத்தான் இருக்கு, ஒன் வாய்தான் கோணல்" என்பார். இன்று காலையும் இட்லி சாப்பிடும்போது அது ஈறில் குத்தியது. வேறு இடத்தில் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று மகன் சொல்கிறான். நான் மாற்றப்போவதில்லை.